மலாக்கா சுல்தானின் அரண்மனையைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

மலாக்கா நகரில், செயின்ட் பால் குன்றின் அடிவாரத்தில், கருமை படிந்த மரத்தால் ஆன நீண்ட மாளிகை ஒன்று தூண்களின் மேல் நிற்கிறது. 15ஆம் நூற்றாண்டில் மலாக்காவை ஆண்ட சுல்தான் மன்சூர் ஷாவின் அரண்மனையை, ‘செஜாரா மெலாயு’ என்னும் பழைய மலாய் வரலாற்று நூல் தரும் வருணனையைக் கொண்டு மீண்டும் எழுப்பிய கட்டடம் அது. 1984இல் வேலை தொடங்கி, 1986 ஜூலையில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

பள்ளிச் சுற்றுலாவில் முதன்முறை அங்கே போனபோது எங்களுக்குக் கிடைத்த நேரம் அரை மணி. ஆளுயரப் பொம்மைகளைப் பார்த்தோம், படம் எடுத்துக்கொண்டோம், பேருந்தில் ஏறிவிட்டோம். வீடு திரும்பியபோது பொம்மைகள் நினைவில் இருந்தன, அரண்மனை நினைவில் இல்லை. பல ஆண்டுகள் கழித்து, நூலின் அந்தப் பகுதியைப் படித்துவிட்டு அம்மாவுடன் போனபோதுதான் கட்டடம் எனக்குப் பிடிபட்டது. பழைய அரண்மனையின் ஒரு தூண்கூட இன்று இல்லை. எஞ்சியது எழுத்து மட்டுமே, அந்த எழுத்தைத் தச்சர்கள் மரத்தில் செதுக்கியிருக்கிறார்கள். ஆகவே எழுத்தை முதலில் அறிந்துகொண்டு கட்டடத்தைப் பிறகு பார்ப்பதே சரியான வரிசை என்பது என் உறுதியான கருத்து. இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் செல்கிறது.

போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

மலாக்கா அரசு 1400ஆம் ஆண்டையொட்டிப் பரமேசுவரா என்னும் இளவரசரால் நிறுவப்பட்டது. மன்சூர் ஷா 1459 முதல் 1477 வரை ஆண்டார். 1511இல் அல்புகெர்க்கே தலைமையில் வந்த போர்ச்சுகீசியர் நகரைக் கைப்பற்றி, குன்றைச் சுற்றிக் கோட்டை கட்டினர். பள்ளிவாசல்களிலிருந்தும் அரச குடும்பத்தாரின் கல்லறைகளிலிருந்தும் பெயர்த்தெடுத்த கற்கள் அந்தக் கோட்டைச் சுவருக்குள் போயின. மரத்தால் ஆன அரண்மனைக்குத் தடயமே மிஞ்சாமல் போனதற்கு இதுவே பின்னணி.

இனி நூல் சொல்வதைப் பார்ப்போம். முந்தைய அரண்மனைக்குள் வீரன் ஒருவனின் இரத்தம் சிந்தியதால் அங்கே குடியிருக்க மனமில்லாத சுல்தான், புதிய அரண்மனை கட்டும்படி பெண்டஹாரா என்னும் முதலமைச்சருக்கு ஆணையிடுகிறார். ஒவ்வொரு வட்டாரத்து மக்களுக்கும் ஒவ்வொரு வேலை பிரித்துத் தரப்படுகிறது. கட்டி முடித்த அரண்மனையில் 17 அங்கணங்கள் இருந்தன. இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட இடத்தை நம் ஊர்த் தச்சர்கள் அங்கணம் என்பார்களே, அதே கணக்குதான். ஒவ்வோர் அங்கணமும் மூன்று பாகம் அகலம், அதாவது இரு கைகளையும் விரித்தால் வரும் நீளத்தைப் போல் மூன்று மடங்கு. ஒவ்வொரு தூணும் ஒருவர் கட்டிப்பிடிக்கும் பருமன். கூரை முகடு ஏழு அடுக்கு. கூரையில் வேய்ந்தவை செம்பும் ஈயமும் கலந்த ஓடுகள். முகட்டின் உச்சியில் சிவப்புக் கண்ணாடி, சுவர்களில் பெரிய சீனக் கண்ணாடிகள். வெயில் பட்டால் மின்னலைப் போல ஒளிர்ந்து, பார்ப்பவர்களின் கண்ணைக் கூச வைத்ததாம்.

அந்த அழகு நெடுநாள் நீடிக்கவில்லை. முகட்டின் உச்சியில் தோன்றிய தீ அரண்மனையையே விழுங்கியது. கூரையின் ஈயம் உருகி, இறவாணத்திலிருந்து பெருமழைபோல் கொட்டியதால் உள்ளே நுழையப் பலரும் அஞ்சினார்கள் என்று நூல் எழுதுகிறது. உருகிய உலோகம் மழையாகக் கொட்டும் அந்தக் காட்சி ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு போனாலே போதும், நீங்கள் பார்க்கும் கூரை வேறொன்றாகத் தெரியும்.

கையில் ஒரு சிறு குறிப்புத் தாள் வைத்துக்கொள்ளுங்கள்: 17 அங்கணம், மூன்று பாகம், ஏழு அடுக்கு, செம்பும் ஈயமும், சிவப்புக் கண்ணாடி. கைப்பேசியில் எழுதி வைப்பதைவிடத் தாள் நல்லது, ஏனென்றால் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துப் பென்சிலால் அடிக்க முடியும். குழந்தைகளுடன் போகிறவர்களுக்கு இதைவிடச் சிறந்த உபாயம் எனக்குத் தெரியாது. எண்ணச் சொன்னால் குழந்தைகள் கட்டடத்தைப் பார்ப்பார்கள், விளக்கம் சொன்னால் வெளியே ஐஸ்கிரீம் வண்டி இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

நேரமும் வழியும்

கோலாலம்பூரிலிருந்து பேருந்தில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் மலாக்கா சென்ட்ரல் நிலையத்தை அடையலாம். அங்கிருந்து நகரப் பேருந்திலோ வாடகைக் காரிலோ சிவப்புக் கட்டடங்கள் நிற்கும் டச்சுச் சதுக்கத்துக்கு வந்துவிட்டால், அரண்மனை அங்கிருந்து நடக்கும் தூரம்தான். போர்ச்சுகீசியர் கட்டிய ‘ஏ ஃபமோசா’ கோட்டையில் எஞ்சியிருக்கும் ஒரே வாசலைக் கேட்டுக்கொண்டு வாருங்கள், அதன் பக்கத்திலேயே அரண்மனைத் தோட்டத்தின் வேலி தெரியும். சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள் எல்லைச் சோதனையில் ஆகும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும், விடுமுறை நாட்களில் அந்த நேரம் பயண நேரத்தையே விழுங்கிவிடும்.

வார நாளில் காலையில் திறந்தவுடன் போவதே நல்லது. மலாக்காவின் வெயிலும் புழுக்கமும் பதினோரு மணிக்கு மேல் ஆளை அயர வைக்கும். சனி, ஞாயிறுகளில் சுற்றுலாப் பேருந்துகள் வரிசைகட்டும். விடுமுறை நாளும் நுழைவுக் கட்டணமும் அவ்வப்போது மாறுவதால், மலாக்கா அருங்காட்சியகக் கழகத்தின் அறிவிப்பைப் புறப்படும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை போவதாக இருந்தால் நண்பகல் தொழுகை நேரத்தில் மூடுவார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளே செருப்பு அணிய முடியாது. எளிதாகக் கழற்றி மாட்டக்கூடிய காலணியோடு போங்கள். மரத்தரையில் வெறுங்காலுடன் நடப்பது இந்த இடத்தின் இன்பங்களில் ஒன்று, ஆனால் படிகள் வழுவழுப்பாக இருக்கக்கூடும் என்பதால் வயதானவர்கள் காலுறையோடு ஏறாமல் இருப்பது பாதுகாப்பு. மாடிப்படிகளில் ஏற முடியாதவர்களோடு போனால் முதலில் வெளிப்புறத்தை அவர்களுடன் நிதானமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, பிறகு அவர்களைத் தோட்டத்து நிழலில் அமர வையுங்கள். அவர்கள் அதிகம் இழக்க மாட்டார்கள், ஏனென்றால் இந்தக் கட்டடத்தின் பாதி அழகு வெளியே இருக்கிறது.

வெளியே நின்று பார்க்க வேண்டியது

நுழைவுச்சீட்டு வாங்கிய கையோடு படியேறிவிடாதீர்கள். முன்புறத் தோட்டத்தின் கோடிக்குப் போய், மாளிகை முழுவதும் கண்ணில் படும் இடத்தில் நின்றுகொள்ளுங்கள். அங்கணங்களை எண்ணத் தொடங்குங்கள். 17 அங்கணங்களுக்கு மூன்று மூன்று பாகமென்றால் 51 பாகம், அடிக்கணக்கில் ஏறத்தாழ 300 அடி. தோட்டப் பாதையில் கட்டடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து அளந்தால், இன்றைய மாளிகை அந்த நீளத்தை எட்டவில்லை என்பது காலுக்கே தெரிந்துவிடும். இது குறை அல்ல. நூலில் உள்ளதைச் சுருக்கிக் கட்டியிருக்கிறார்கள், அவ்வளவே. ஆனால் இதுவே பெரிதாகத் தோன்றுகிறதென்றால் மூலம் எப்படி இருந்திருக்கும் என்ற எண்ணம், அளந்து நடந்தவர்களுக்கு மட்டும்தான் வரும்.

அடுத்தது கூரை. அடுக்கடுக்காக ஏறும் செங்குத்தான கூரைகளும், அவற்றின் முனைகளில் சிறகுபோல் நீட்டிக்கொண்டிருக்கும் மரச்செதுக்கல்களும் உங்கள் பார்வையை மேலே இழுக்கும். பெரிய கூரையோடு ஒட்டி, அதைவிடத் தாழ்வாக, அதே வடிவில் ஒரு சிறு கூரை வந்து சேரும் அமைப்புக்கு மலாய்த் தச்சுக்கலையில் ‘காஜா மெஞூசு’ என்று பெயர். பால் குடிக்கும் யானை என்பது அதன் பொருள். தாய் யானையின் வயிற்றை ஒட்டிக் குட்டி நிற்பதைப் போன்ற தோற்றம். மன்சூர் ஷாவின் அரண்மனையை வருணிக்கும்போது நூல் இதே சொல்லைப் பயன்படுத்துகிறது. யானையையும் குட்டியையும் கோயில் வாசலில் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தப் பெயரைக் கேட்டபின் கூரையை வேறு எப்படியும் பார்க்க முடியாது. அம்மாவிடம் சொன்னதும் அவர் கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “குட்டி இன்னும் வளரல” என்றார்.

செம்பும் ஈயமும் சிவப்புக் கண்ணாடியும் எங்கே என்று தேடினால் கிடைக்காது. கூரை வேய்ந்திருப்பது மரத்தகடுகளால். நூலின் வடிவத்தை எடுத்துக்கொண்டு, அதன் பளபளப்பை விட்டுவிட்டார்கள். என்னைக் கேட்டால் நல்ல முடிவு என்றே சொல்வேன். மழையும் வெயிலும் பட்டு மங்கிய மரத்துக்கு இருக்கும் நிதானம் புத்தம்புது உலோகத்துக்கு வராது. ஆனால் நாம் பார்ப்பது பழைய அரண்மனையின் சாயல்தான், நகல் அல்ல என்பதை இந்த இடத்தில் மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

உள்ளே

படியேறியதும் உடலெங்கும் குளிர்ச்சி படர்வதை உணர்வீர்கள். தரையைத் தூக்கிக் கட்டியிருப்பதால் கீழிருந்தும், செதுக்கிய பலகைகளின் இடைவெளி வழியாகப் பக்கங்களிலிருந்தும் காற்று வருகிறது. ஏதேனும் ஒரு செதுக்குப் பலகையின் அருகே நின்று தரையைப் பாருங்கள். பூவும் கொடியுமாக மரத்தில் வெட்டிய இடைவெளிகள், வெயிலில் அதே பூவும் கொடியுமாகத் தரையில் விழுந்து கிடக்கும். மேகம் மறைத்தால் அழியும், விலகினால் திரும்பும். காலை நேரத்தில் போகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நடுநாயகமாக இருப்பது கொலுமண்டபம். சுல்தான் அரியணையில் அமர்ந்திருக்க, அமைச்சர்களும் படைத்தலைவர்களும் இருபுறமும் வரிசையாக அமர்ந்திருக்கும் காட்சியை ஆளுயரப் பொம்மைகளைக் கொண்டு அமைத்திருக்கிறார்கள். இங்கே நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் அரசருக்குரிய நிறம்; குடிமக்கள் மஞ்சள் உடுத்தக் கூடாது, கைக்குட்டையிலோ திரைச்சீலையின் ஓரத்திலோகூட அந்த நிறம் வரக்கூடாது என்று மலாக்கா அரசவை விதி வகுத்திருந்ததை நூல் விரிவாகப் பதிவு செய்கிறது. குடையிலும் வரிசை உண்டு. வெண்குடை அரசருக்கு, மஞ்சள் குடை அரச குமாரர்களுக்கு. வெண்மை தொலைவிலிருந்தும் தெளிவாகத் தெரியும் என்பதால் அதற்கு முதலிடம் என்று காரணமும் சொல்லப்படுகிறது. வெண்கொற்றக்குடையைப் புறநானூற்றில் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் மெய்சிலிர்க்கும்.

சொற்களுக்கும் காது கொடுங்கள். அரண்மனைக்கு மலாயில் இஸ்தானா. ஆஸ்தான வித்துவான் என்கிறோமே, அந்த ஆஸ்தானம்தான் அது. அரியணைக்குச் சிங்காசானா, முடிக்கு மஹ்கோத்தா. கடற்படைத் தலைவருக்கு லக்சமணா. இராமாயணத்து இலக்குவனின் பெயரே பதவியாயிற்று. முதலமைச்சரைக் குறிக்கும் பெண்டஹாராவில், கருவூலம் என்று பொருள்படும் நம் பண்டாரத்தின் வேர் இருக்கிறது. இவை வடமொழி வழியாக வந்தவை. துறைமுகத்தின் வழியாக நேரே தமிழிலிருந்து போனவை வேறு: கப்பல் ‘காபால்’ ஆனது, கடை ‘கெடாய்’ ஆனது. விளக்கப் பலகைகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருப்பதைக் கண்டு தயங்க வேண்டாம். மலாய்ப் பலகையை வாய்விட்டுப் படித்தால், பாதி வழியில் நம் சொல் ஒன்று எதிரே வந்து நிற்கும்.

பலநாட்டு வணிகர்களைக் காட்டும் பகுதியில் அவசரப்படாதீர்கள். மலாக்காவின் செல்வம் நிலத்திலிருந்து வந்ததல்ல, பருவக்காற்றிலிருந்து வந்தது. மேற்கிலிருந்து ஒரு காற்றிலும் கிழக்கிலிருந்து மறு காற்றிலும் வந்த கப்பல்கள் இங்கே சந்தித்துக் காத்திருந்தன. இந்தத் துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டதாக, போர்ச்சுகீசியர் கைப்பற்றிய பின் இங்கே வந்து தங்கிய தோமே பிரெஸ் என்னும் போர்ச்சுகீசிய எழுத்தாளர் எழுதினார். வணிகர்களைக் கவனிக்க ஷாபந்தர் எனப்படும் துறைமுக அதிகாரிகள் நால்வர் இருந்தனர், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு திசை வணிகர். சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்களைக் கெலிங் என்று குறிப்பிட்டனர். அந்தச் சொல் இன்று வசையாகிவிட்டது, ஆனால் அக்காலத்து ஏடுகளில் செல்வமும் செல்வாக்கும் மிக்க ஒரு சமூகத்தின் பெயராகவே அது வருகிறது. அவர்களில் ஒருவரான ராஜா முதலியார் ஷாபந்தராக இருந்தார். கெலிங் நாட்டிலிருந்து வந்த மணி புரிந்தன் என்பவரின் வழித்தோன்றலான துன் முத்தாஹிர் பெண்டஹாராவாகவே உயர்ந்தார். ராஜா முதலியாரும் இடம்பெறும் ஒரு சூழ்ச்சியால் சுல்தான் மஹ்மூதின் சினத்துக்கு ஆளாகி, 1510இல் துன் முத்தாஹிர் குடும்பத்தோடு கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டே நகரம் வீழ்ந்தது. நம்மவர்கள் இந்த அரசவையில் உயர்ந்தார்கள், நம்மவர்கள் அதன் வீழ்ச்சியிலும் பங்கு கொண்டார்கள். இரண்டையும் தெரிந்துகொண்டு பொம்மைகளின் முன் நிற்பதுதான் நேர்மை.

ஆயுதங்கள், இசைக்கருவிகள், உடைகள், சுல்தானின் படுக்கையறைக் காட்சி ஆகியவற்றை உங்கள் விருப்பம்போல் பார்க்கலாம். கெரிஸ் என்னும் மலாய்க் குறுவாளின் பிடிகளில் மட்டும் சற்று நின்று பாருங்கள், ஒன்றைப் போல் ஒன்று இருக்காது.

இரு நண்பர்களின் சண்டை

எல்லோரும் கூடி நிற்கும் காட்சி, சுல்தானின் புகழ்பெற்ற வீரர்களான ஹங் துவாவும் ஹங் ஜெபாட்டும் கெரிஸ் ஏந்தி மோதுவது. ஹங் துவா மீது பொய்ப்பழி விழுகிறது. சுல்தான் அவரைக் கொல்ல ஆணையிடுகிறார். பெண்டஹாரா அவரை இரகசியமாக மறைத்து வைக்கிறார். நண்பன் இறந்துவிட்டதாக நம்பிய ஹங் ஜெபாட் சுல்தானை எதிர்த்து அரண்மனையையே கைப்பற்றிக்கொள்கிறார். அவரை அடக்கக்கூடியவர் வேறு எவரும் இல்லாததால் ஹங் துவா வெளியே கொண்டுவரப்படுகிறார். தனக்காகப் பொங்கிய நண்பனை, தன்னைக் கொல்லச் சொன்ன அரசருக்காக அவர் கொல்கிறார். விசுவாசம் பெரிதா, நீதி பெரிதா என்று மலாய் மக்கள் இன்றளவும் வாதிடும் கதை இது. குழந்தைகளிடம் கதையைச் சொல்லி, யார் பக்கம் என்று கேட்டுவிட்டு, பதிலைத் திருத்தாமல் விட்டுவிடுங்கள்.

இந்தக் காட்சியில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ‘செஜாரா மெலாயு’வில் ஹங் துவாவோடு மோதி இறப்பவர் ஹங் கஸ்தூரி என்னும் வேறொரு வீரர். ஜெபாட் என்பது ‘ஹிக்காயாட் ஹங் துவா’ என்னும் வேறொரு காவியத்தின் கூற்று. மேலும், அந்த மரணம் நிகழ்ந்த அரண்மனையில் வாழ விரும்பாமல்தான் சுல்தான் புதிய அரண்மனையைக் கட்டினார் என்று மேலே பார்த்தோம். ஆகவே நூலின்படி, நீங்கள் நிற்கும் கட்டடத்துக்கு மூலமான பழைய அரண்மனை எழுந்ததே அந்தச் சண்டைக்குப் பிறகுதான். இரண்டு நூல்களின் நினைவுகளை ஒரே கூரையின் கீழ் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நானறிந்த வரையில் கூட்டத்தில் பெரும்பாலோர் இதைக் கவனிக்காமல் கடந்து போகிறார்கள். கவனித்தவர்களுக்கு இந்தக் கட்டடத்தின் இயல்பு முழுமையாக விளங்கும்: மக்கள் எதை மறக்க விரும்பவில்லையோ அதற்கெல்லாம் இங்கே இடம் தரப்பட்டிருக்கிறது.

வெளியே வந்த பிறகு

உள்ளே ஒன்றரை மணி நேரம் போதும். வெளியே வந்து தண்ணீர் குடித்துவிட்டுக் குன்றின் மேல் ஏறுங்கள், படிகள் அதிகமில்லை. மலாக்கா அரசர்களின் இருப்பிடம் இந்தக் குன்றில்தான் இருந்தது. இன்று உச்சியில் இருப்பது 1521இல் போர்ச்சுகீசியர் எழுப்பிய தேவாலயத்தின் கூரையற்ற சுவர்கள். கீழே மரத்தில் பார்த்த கொலுமண்டபத்தை இந்த வெளியில் மனத்தளவில் தூக்கி வைத்துப் பாருங்கள். அரண்மனையைப் பார்க்காமல் முதலில் குன்றேறுபவர்களுக்கு இந்த வாய்ப்புக் கிடைப்பதில்லை.

மாலையில் ஆற்றுப் பாலத்தைக் கடந்து பொற்கொல்லர் தெருவான ஜாலான் துக்காங் எமாஸ் பக்கம் போங்கள். 1748இல் எழுந்த கம்போங் கெலிங் பள்ளிவாசலும், 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயிலும் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் நிற்கின்றன. கோயிலை எழுப்பியவர்கள் மலாக்கா செட்டிகள். இங்கே வந்து உள்ளூர்ப் பெண்களை மணந்து தங்கிவிட்ட தமிழ் வணிகர்களின் வழியினர். வீட்டில் மலாய் பேசுவார்கள், பெண்கள் கெபாயா என்னும் மலாய் மேற்சட்டை அணிவார்கள், வழிபாடு சைவம். அவர்களுடைய சிறு அருங்காட்சியகம் காஜா பெராங் பகுதியில் கம்போங் செட்டியில் இருக்கிறது. அரண்மனையில் பொம்மைகளாக நின்ற வணிகர்களின் பேரப்பிள்ளைகளை அங்கே நேரில் காணலாம். மாலைப் பூசையையும் பார்த்துவிட்டுக் கிளம்ப வசதியாக, ஊர் திரும்பும் பேருந்துச் சீட்டை இரவு எட்டு மணிக்குப் பிந்தியதாகப் பார்த்து முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.